நாடா மாலை

அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளங்கள் நிறைய. மழை பெய்தால் தண்ணீர் நின்று கரும்பச்சையாகிவிடும். எங்கள் ஊர்ப் பள்ளத்தில் மேல்விளிம்பிலிருந்து குதிக்கிற பெண் நான் ஒருத்திதான். ஆண்களிலேயே பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பகலெல்லாம் குவாரியில் கல் சுமக்கிற உடம்பு, தண்ணீருக்குள் போனால்தான் எனக்கே எனக்கென்று இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு சண்டைப் படம் எடுக்க வந்தார்கள். ஒரு வேன், ஒரு பழைய ஜீப், அடியாட்களாக நடிக்க நாலைந்து பேர். படத்துக்கு முதலாளி, டைரக்டர், கதாநாயகன் எல்லாம் ஒரே ஆள்தான். அடிவாங்க ஆள் போதாமல் ஒருவனுக்கே சட்டை மாற்றிவிட்டு மறுபடியும் அடித்தார். கதாநாயகி வில்லனிடமிருந்து தப்பிப் பள்ளத்தில் குதிக்க வேண்டும். அந்தப் பெண் விளிம்பு வரை வந்து கீழே பார்த்தாள், அழுதுவிட்டாள். வேடிக்கை பார்த்த கூட்டம் என்னைக் கைகாட்டியது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முதலாளி என்னிடம் வந்து, "மூஞ்சி தெரியாதும்மா. மேலேருந்து விழறது மட்டும்தான். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். கதாநாயகியின் சிவப்புச் சேலையைக் கட்டிவிட்டார்கள். குதித்தேன். சரியாக வரவில்லை என்று மறுபடியும் குதிக்கச் சொன்னார்கள். அந்தத் தடவை தண்ணீர் அறைந்த வேகத்தில் சேலை உருவிக்கொண்டு போய்விட்டது, ரவிக்கையும் கிழிந்துவிட்டது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "கேமராவ நிறுத்துங்க" என்று கத்தினேன்.

"எப்பவோ நிறுத்தியாச்சு. பயப்படாம ஏறி வாம்மா."

சொன்னது முதலாளியேதான். நம்பி ஏறினேன். கரையில் நின்ற என் சித்தி முந்தானையைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்து என்னை அதற்குள் சுற்றிக்கொண்டாள்.

படம் எங்கள் பக்கத்து டென்ட் கொட்டகைக்கு வந்தபோது ஊரே போனது. சிவப்புச் சேலை பறந்தது, தண்ணீர் தெறித்தது, அவ்வளவுதான். விசில் பறந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இன்னும் மறக்கவில்லை. மறு வருஷம் கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் லாரி பட்டறையில் மெக்கானிக். படத்தை நான் மறந்தேபோனேன்.

எண்பதுகளின் நடுவில் பெரம்பலூருக்கு வீடியோ வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகையில் டி.வி.யும் வீடியோ டெக்கும் வைத்து டிக்கெட் போட்டுப் படம் காட்டினார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒருநாள் குழாயடியிலிருந்து குடத்தோடு திரும்பும்போது டீக்கடையில் நின்ற ஒருவன், "என்னக்கா, குடத்துல மொண்டுகிட்டு? குதிக்கலயா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வாரமே வீட்டுக்காரர் சட்டை கிழிந்து, உதடு வீங்கி வந்தார். கேட்டதற்கு, "பட்டறையில சண்டை" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

விஷயத்தைச் சொன்னவர் பக்கத்து வீட்டு ராத்தா. அக்காவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். அவருடைய கணவர் சவுதியிலிருந்து டெக் கொண்டுவந்திருந்தார். ராத்தா வாடகைக்கு கேசட் எடுத்துப் பார்ப்பார். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யா அல்லா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இது நீதானா பாரு புள்ள."

அதே படம். கேசட் அட்டையில் 'தியேட்டரில் காணாத காட்சிகளுடன்' என்று அச்சடித்திருந்தது. சிவப்புச் சேலை விழுந்தது. விழுந்ததோடு முடியவில்லை. நான் தண்ணீரிலிருந்து ஏறி வருவது முழுவதும் இருந்தது. சென்சாருக்குக் காட்டாமல் ஒளித்து வைத்த துண்டை கேசட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் படம் கோடு கோடாக நடுங்கியது.

"ஏன் ராத்தா இப்படி ஆடுது?"

"நாடா தேஞ்சிருக்கு. கொட்டகையில இந்த எடத்தத்தான் நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பிப் போடுறானுங்களாம்."

டென்ட் கொட்டகையில் கண்ணை மூடித் திறப்பதற்குள் போனது இங்கே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அமுக்கி என்னை நிறுத்தி வைக்கலாம். எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் கல் தூக்கப் போகிற மாதிரி இறுகிக்கொண்டது.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். தெரியும் என்றார். "செந்துறைக்கே போயிடலாம். எங்கப்பா வூடு இருக்கு. இங்க எப்படித் தலைநிமிர்ந்து நடக்கறது?"

"ஓட வேண்டியவ நான் இல்ல."

"அன்னைக்கு நீ ஏன் குதிச்ச?"

"எனக்குக் குதிக்கத் தெரியும், குதிச்சேன். அவன் ஏன் பொய் சொன்னான்னு கேளுங்க."

மறுநாள் நானே கொட்டகைக்குப் போனேன். நடத்துகிறவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நான் என்னங்க பண்றது? படம் எடுத்தவரே இப்ப கேசட் கம்பெனி வச்சிருக்காரு, அங்கேருந்து வர்றதப் போடுறேன்."

"அந்தக் கம்பெனி முதலாளி எங்க இருக்கான்?"

அவர் இளித்தார். "வெள்ளிக்கிழமை இங்கதான் வர்றாரு. கடைவீதியில கேசட் கடை தெறக்குறாரு. நேர்லயே கேட்டுக்கங்க."

கேலிக்குத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ராத்தா வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அந்த கேசட்டை உடைத்தோம். பளபளவென்று பழுப்பு நாடா வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பூக்கட்ட நன்றாக வரும். நாடாவைக் கொத்துக் கொத்தாக மடித்து வாழைநாரில் இறுக்கிக் கட்டினேன். நடுவில் ராத்தா, "போலீசு கீலீசுன்னு வந்தா என்ன புள்ள பண்ணுவ?" என்றார். "வரட்டும்" என்றேன். அவர் எழுந்து போய் இரண்டு டீயோடு வந்து, மீதி நாடாவை மடித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டேன். கடை முன்னால் பந்தல், மைக் செட், நல்ல கூட்டம். முதலாளி வெள்ளை சஃபாரியும் கறுப்புக் கண்ணாடியுமாக மேடையில் நின்று மாலை வாங்கிக்கொண்டிருந்தார். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. போட்டேன்.

"புதுசா இருக்கே! என்ன மாலம்மா இது?"

"உங்க படந்தாங்க."

பக்கத்தில் இருந்த மைக்கை இழுத்துக்கொண்டேன். "எல்லாரும் கேட்டுக்கங்க. இவரு படத்துல குவாரியில குதிச்சது நான். சேலை போயிடுச்சு, கேமராவ நிறுத்துங்கன்னு கத்துனேன். நிறுத்தியாச்சு, பயப்படாம ஏறி வான்னு சொன்னது இந்த வாயி. அதப் படம் புடிச்சு இத்தன வருஷம் பொட்டியில வச்சிருந்து இப்ப ஊர் ஊரா விக்கிறாரு. கொட்டகையில உக்காந்து நிறுத்தி நிறுத்திப் பாத்தவங்களும் இங்க நிக்கிறீங்க. இந்தா, நான் நேர்லயே நிக்கிறேன். பாருங்க!"

டீக்கடையில் கேலி பேசியவன் பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவனை விடாமல் பார்த்தேன், கடைசியில் தலையைக் குனிந்தான்.

"யாருய்யா இந்தப் பைத்தியம்? மைக்க ஆஃப் பண்ணுய்யா!" என்று முதலாளி கத்தினார். மைக் செட்காரர் ஆம்ப்ளிபயர் பக்கம் திரும்பினார். அங்கே என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பட்டறைக் கரி படிந்த கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, "அவ பேசி முடிக்கட்டும்" என்றார். அவர் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முதலாளி மாலையைப் பிய்க்கப் பார்த்தார். நாடா அறுகிற சாமான் இல்லை. இழுக்க இழுக்க மோதிரத்திலும் கண்ணாடியிலும் சிக்கிக்கொண்டது. அப்படியே ஓடிக் காரில் ஏறினார். கடைவீதிப் பெண்கள் காரை மறித்துக்கொண்டார்கள், ராத்தாவும் முன்னால் நின்றார். "அந்த கேசட்டெல்லாம் வெளிய வந்தாத்தான் வண்டி போகும்" என்று பூக்காரம்மா ஒருவர் சொல்ல, கடைப்பையன்கள் அந்தப் படத்தின் பெட்டிகளைத் தெருவில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொன்றாக மிதித்து உடைத்தேன். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

போலீஸ் வந்து எங்கள் இரண்டு தரப்பையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது. இன்ஸ்பெக்டர் என்னைத்தான் முதலில் மிரட்டினார். நான், "சென்சார் பண்ணாத படத்த விக்கலாமாங்க சார்?" என்று கேட்டேன். அவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கொஞ்ச நேரத்தில், புகார் எதுவும் இல்லை என்று எழுந்து போய்விட்டார். பெரம்பலூரில் அவர் கடை திறக்கவே இல்லை. கொட்டகையில் அந்தப் படத்தை அதற்குப் பிறகு போடவில்லை. ஆனால் திருச்சியிலும் கும்பகோணத்திலும் ஓடியது எனக்குத் தெரியும். அங்கெல்லாம் போய் உடைக்க முடியவில்லையே என்ற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

சில வருஷம் கழித்து வீட்டுக்காரரோடு அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் நின்றபோது முதலாளியை மறுபடியும் பார்த்தேன். மெலிந்து, கையில் ஒரு ரெக்சின் பையோடு தனியாக நின்றிருந்தார். படத் தொழில் கவிழ்த்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். இந்தத் தடவை அவரே அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார்.

"அம்மா, எனக்கும் பொண்ணு இருக்கு. இப்பதான் உறைக்குது. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா."

"முடியாது."

"காலம் போயிடுச்சேம்மா..."

"உங்களுக்குப் போயிருக்கும்."

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வீட்டுக்காரரோடு நடைமேடையின் அந்தக் கோடிக்கு நடந்தேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, கெழவனாயிட்டாரு" என்றார் அவர். சொல்லியிருந்தால் அந்த ஆள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.