மாலாவை என்ன செய்யப் போகிறீர்கள்?

போன வாரம் ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். மடியில் ஒரு வாரப் பத்திரிகை. நடுவில் பயங்கரச் சண்டை.

"அவளப் போயி சாவடிச்சிட்டானேடி, பாவி!"

"செத்தாத்தான்டி கதை மனசுல நிக்கும். இல்லாட்டி யாரு ஞாபகம் வச்சிருப்பா?"

கண்டக்டர் டிக்கெட் கேட்டு நிற்கிறார், கவனிக்கவில்லை. அரியலூர் வரும்வரை அந்தக் கதாநாயகியைச் சாகடிப்பதும் பிழைக்க வைப்பதுமாகவே இருந்தார்கள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், உள்ளுக்குள் ஏதோ சில்லென்றது.

ஏன் என்று சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் அப்போது பெரம்பலூரில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஓடியது. ஸ்கூலில் படிக்கிற நாலு பிள்ளைகளின் கதை. அதில் மாலா என்றொரு பெண். இன்ஸ்டிட்யூட்டில் பத்திரிகை வருகிற அன்று ஒரு மெஷினிலும் சத்தம் வராது. படிப்பு… பிறகு விவாதம்!

என் தோழி சாந்திக்கு மாலாவைக் கண்டாலே ஆகாது.

"மொத பத்து வாரம் அந்த வாய் பேசினா. இப்ப ஊமை மாதிரி ஆயிட்டா. இது என்னடி கேரக்டர்?"

"வூட்ல கல்யாணம் பேசுறாங்கல்ல? மாறிட்டாடி."

"அப்படியெல்லாம் மனுஷி மாறமாட்டா. நீ வேணா பாரு, கிணத்துல விழுந்துதான் சாவா. வேற எப்படி முடிக்கிறது?"

சாந்திக்கு அது கதை. எனக்கும் அப்போது அது கதைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பந்தட்டைக்குப் போவேன். அங்கே என் பெரியம்மா. அவருக்கு ஒரே மகள், அமுதா. எனக்குத் தங்கை முறை. பதினாறு வயதில் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் பேச்சு எடுத்தார்கள். அந்தத் தொடர்கதை ஆரம்பிப்பதற்கு முன்பே, ஒரு காலையில் ஸ்கூலுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. தேடாத ஊர் இல்லை, கேட்காத ஆள் இல்லை. பெரியப்பா அவள் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றுவிட்டார். பெரியம்மாவும் எடுப்பதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. பேச்சுத் துணையாக இருக்கட்டுமே என்று அந்தத் தொடர்கதையை நான் வாசித்துக் காட்டுவேன். கடலை உரித்துக்கொண்டே கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாசித்துக்கொண்டே போகிறேன். மாலாவுக்குக் கோபம் வந்தால் ஒரு புளியங்கொட்டையை வாயில் போட்டு அடக்கிக்கொள்வாள், பேச மாட்டாள் என்று ஒரு வரி. பெரியம்மாவின் கை நின்றது.

அமுதாவும் அப்படித்தான் செய்வாள்.

இருக்கட்டும், எத்தனையோ பெண்கள் செய்வார்கள். மேலே வாசித்தேன். மாலா வீட்டில் ஒரு நொண்டி ஆடு. அதற்கு அவள் வைத்த பெயர்… டீச்சர்.



எங்கள் அமுதாவின் ஆட்டுக்கும் அதுதான் பெயர். பக்கத்துத் தெருவில் நிஜ டீச்சர் ஒருவர் சற்றுத் தாங்கித் தாங்கி நடப்பார். அவர் காதில் விழுந்தால் வம்பு என்று வெளியே மூச்சு விட்டதில்லை. அமுதா, பெரியம்மா, நான் — தெரிந்தது இவ்வளவு பேருக்குத்தான். பெரியப்பாவுக்குக்கூடத் தெரியாது.

"இத யாருடி எழுதறது?" என்றார் பெரியம்மா.

"மெட்ராஸ்ல யாரோ ஒருத்தர்."

"அவன் எங்க வூட்டு ஆட்ட எங்க பாத்தான்?"

அடுத்தடுத்த வாரம் இன்னும் மோசம். மாலா தலை பின்னுகிற விதம், பழைய சோற்றுக்கு வெங்காயத்தைக் கையால் குத்தி உடைக்கிற விதம்… பத்திரிகையைத் திறக்கவே பயமாக இருந்தது. திறக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு அந்த வாரம் வந்தது. மாலா வீட்டை விட்டுப் போய், யாரும் இல்லாத ஒரு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: அடுத்த இதழில் முற்றும்.

இன்ஸ்டிட்யூட்டில் சாந்தி கை தட்டினாள். "நான் சொன்னேன்ல! கிணறு!"

"வாய மூடுடி!" என்று கத்திவிட்டேன். மெஷின்கள் எல்லாம் நின்றுபோயின. அழுதுகொண்டே படியிறங்கினேன்.

அன்றே வேப்பந்தட்டைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். பெரியம்மா அழவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"அவன் முடிவு எழுதறதுக்குள்ள போயிறணும். வா."

அரியலூரில் ரயில் ஏறினோம். மெட்ராஸில் பத்திரிகை ஆபீஸைத் தேடிப் பிடித்தோம். அங்கே இருந்தவர் நாங்கள் யாரென்று கேட்கவே இல்லை. எரிச்சலில் இருந்தார். "கடைசி அத்தியாயம் இன்னும் வரலம்மா. மனுஷன் எழுதவே மாட்டேங்கறார். நீங்களாவது போய் வாங்கிட்டு வாங்க" என்று விலாசத்தைக் கொடுத்துவிட்டார்.

எழுத்தாளர் ஒரு சின்ன மாடி அறையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பல நாள் தூங்காத கண்கள். பெரியம்மா நின்றபடியே கேட்டார்.

"எங்க பக்கம் வந்திருக்கீங்களா? பெரம்பலூர், வேப்பந்தட்டை?"

"பஸ்ல தாண்டிப் போயிருக்கேன். இறங்கினதில்லை."

"ஆட்டுக்கு டீச்சர்னு எப்படிப் பேர் வச்சீங்க?"

அவர் முகம் வெளுத்தது. "தெரியலைம்மா. எழுதிட்டுப் பார்த்தா, இருந்தது. அடிச்சிடலாம்னு பேனாவை எடுத்தேன்… மனசு வரலை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அமுதாவை, கல்யாணப் பேச்சை, புளியங்கொட்டையை. முடித்ததும், அவர் மேஜையில் இருந்த தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பாதிப் பக்கம் எழுதியிருந்தது. மீதி வெள்ளை.

"குதிக்கறான்னுதான் முடிவு பண்ணியிருந்தேன். கிணத்து மேட்டுல உட்கார வச்சாச்சு. அதுக்கு மேல போகலை. குதிக்கவும் மாட்டேங்கறா, எழுந்திருக்கவும் மாட்டேங்கறா."

"எந்திரிக்கச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா.

"நான் சொன்னா கேட்கலைம்மா. நீங்க சொல்லிப் பாருங்க."

விளையாட்டாகச் சொல்லவில்லை. இரு கையையும் கூப்பியிருந்தார்.

பெரியம்மா மேஜைமேல் குனிந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், அந்த வெள்ளைத் தாளைப் பார்த்து, ஆட்டுப் பட்டியிலிருந்து மகளை வீட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"ஏ அமுதா… எந்திரிச்சு வாடி. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க. வா."

அறையில் ஒரு காகிதம்கூட அசையவில்லை. தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

எழுத்தாளர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. நாங்கள் கிளம்பியதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்த இதழ் வந்தது. மாலா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடக்கிறாள். ஒரு பஸ் வருகிறது. ஏறிக்கொள்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

"சப்புன்னு முடிச்சிட்டான்!" என்றாள் சாந்தி. "இதுக்கா இத்தன வாரம் காத்திருந்தோம்?" நாடு முழுக்க அதே பேச்சுதான் போலிருக்கிறது. மாலாவின் குணத்துக்கு முடிவு ஒட்டவில்லை என்று பத்திரிகைக்கு ஏகப்பட்ட கடிதங்கள்.

பெரியம்மாவுக்கு மட்டும் அந்த முடிவு போதவில்லை என்று தோன்றவே இல்லை. அந்த ஒரு பக்கத்தை எத்தனை முறை வாசிக்கச் சொன்னார் என்று கணக்கில்லை.

அதற்கடுத்த தைப் பொங்கலுக்கு அமுதா வந்தாள். ஒரு பை, பழைய செருப்பு, பாதியாக இளைத்த உடம்பு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாளாம். பெரியப்பா எழுந்தார். போய் அவளுக்கு வெந்நீர் போட்டார்.

பிறகு தனியாக இருக்கும்போது அவளிடம் கதையைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒரு பத்திரிகை இருப்பதே அவளுக்குத் தெரியாது. அந்த எழுத்தாளர் பெயரைக் கேட்டதே இல்லை.

"ஒருநாள் ரொம்ப முடியாமப் போச்சுக்கா. கம்பெனிக்குப் பின்னாடி ஒரு பாழுங்கிணறு. அது மேட்ல போயி உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"எந்திரிச்சிட்டேன்."

"ஏன்டி?"

யோசித்தாள். "தெரியலக்கா. காலு தானா எந்திரிச்சிருச்சு."

அது எந்த மாசம், எந்தக் கிழமை என்று கேட்க வாயெடுத்தேன். அடுப்படியிலிருந்து பெரியம்மா பார்த்தார். கேட்காதே என்று தலையை மட்டும் ஆட்டினார். இன்றுவரை நான் கேட்கவில்லை.

முடிவு பிடிக்கவில்லை என்று எழுத்தாளருக்குக் கடிதம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை — தாராளமாகப் போடுங்கள். ஆனால், "கொன்றிருக்கலாமே" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வீட்டில் யார் காத்திருக்கிறார்களோ!