இன்னும் பத்து பெல்லட்

ரைஃபிள் கிளப்பில் சேரலாம் என்று சொன்னது அண்ணிதான். என் அண்ணனின் மனைவி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது என்பதால் அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே வா, போ என்றுதான் பேசுவேன். அவள் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். நான் மறைமலை நகரில் காருக்கு உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருக்கிறேன். இருவர் வீடும் மாடம்பாக்கத்தில், அடுத்தடுத்த தெரு. நாற்பதைத் தாண்டியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உடம்பைப் பற்றிய கவலை வந்தது. ஜும்பா ஒரு மாதம், யோகா அதைவிடக் குறைவு, நடைப்பயிற்சி தெருநாய்கள் அனுமதித்த வரை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம்.

"இதுல குனிய வேணாம், குதிக்க வேணாம். நின்ன இடத்துல நின்னா போதும். நமக்குன்னே கண்டுபிடிச்ச ஸ்போர்ட்ஸ்," என்றாள் அண்ணி.

கூடுவாஞ்சேரி போகும் வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பாதி வீடுகள் எழும்பி, பாதி மனைகளில் முள்செடி முளைத்த ஒரு லே-அவுட் வரும். அதன் கடைசியில் தகரக் கூரை போட்ட நீளமான ஷெட்தான் எங்கள் ரேஞ்ச். ஒரு பக்கம் ஆளுக்கொரு லேனில் நாம் நிற்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளி எதிர்ப்பக்கம் கறுப்பு வட்டம் போட்ட அட்டை தொங்கும். நட்ட நடுவில் பட்டால் பத்துப் புள்ளி, விலக விலகக் குறையும். கோச் ஒரு இளம்பெண். காலேஜ் படிக்கும்போது என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவள், அப்புறம் கீழேயே வைக்கவில்லை. எங்களை அக்கா என்று கூப்பிடுவாள், ஆனால் அந்த அக்காவில் சலுகை எதுவும் இருக்காது.

ஏர் ரைஃபிளுக்குப் பெரிய தோட்டா கிடையாது. மிளகு அளவில் ஒரு ஈயக் குண்டு. உடுக்கை மாதிரி நடுவில் இடுப்பு சிறுத்திருக்கும். பெல்லட் என்பார்கள். தகர டப்பாவில் நூற்றுக்கணக்கில் வரும். முதல் நாள் அந்த டப்பாவைத் திறந்து பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்தது. எங்கள் கம்பெனியில் காலையில் வந்து உட்கார்ந்ததும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இன்றைக்கு எத்தனை பீஸ் வெளியே போக வேண்டும். டார்கெட் என்ற வார்த்தையை இருபது வருடமாக அந்த அர்த்தத்தில்தான் பயன்படுத்தி வந்திருக்கிறேன். ரேஞ்சிலும் அதே கணக்கைப் போட்டேன். நிறையச் சுட்டால் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். இதில் என்ன சந்தேகம்?

அண்ணியின் கணக்கு வேறு. துப்பாக்கியைத் தூக்குவாள், கன்னத்தை வைப்பாள், மூச்சை விடுவாள், அப்புறம் சுடாமல் கீழே வைத்துவிடுவாள். மறுபடி தூக்குவாள். எனக்குப் பக்கத்து லேனில் நின்று பார்க்கும்போதே கொட்டாவி வரும்.

"ஏன் அண்ணி, டிரிகரை அமுக்கறதுக்கு நல்ல நேரம் பாக்கணுமா?"

"லேப்ல ஒருத்தர் கையில ஒரு தடவைதான் குத்துவேன். ரெண்டாவது தடவை ஊசியை எடுத்தா அவங்க மூஞ்சைப் பாக்க முடியாது. அந்தப் பழக்கம், போகல."

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் முப்பது பெல்லட் சுடுவாள். அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது. சுடும்போது உடம்பு அசையாமலிருக்கப் போடும் தடித்த கித்தான் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்னுவாள். நான் நூறைத் தாண்டுவேன். ஒரு நாள் நூற்றி இருபது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கோச்சிடம் நானே போய்ச் சொன்னேன்.

"நூத்தி இருபதா?" என்றாள். "அட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்கக்கா."

பத்து பெல்லட்டுக்கு ஒரு அட்டை. பன்னிரண்டையும் வரிசையாகத் தரையில் வைக்கச் சொன்னாள். முதல் அட்டையில் ஓட்டைகள் அங்கங்கே இருந்தன. இரண்டு, மூன்று, நான்கில் நடுவை நோக்கி நெருங்கி வந்திருந்தன. நான்காவது அட்டையை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஆறாவதிலிருந்து மறுபடி பிரிய ஆரம்பித்து, கடைசி அட்டைக்கு வரும்போது யாரோ கைப்பிடி கடுகை வீசியடித்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா? இதுவரைக்கும் சுட்டது நீங்க," என்று ஐந்தாவது அட்டைக்குப் பக்கத்தில் காலை வைத்தாள். "இதுக்கப்புறம் சுட்டது உங்க டயர்டு. பாதி நேரம் சுடக் கத்துக்கறீங்க, மீதி நேரம் தப்பா சுடக் கத்துக்கறீங்க."

"அப்ப ஸ்டாமினா எப்படி வரும்?" என்றேன்.

"வரும். இப்படி வராது."

நான் தலையை ஆட்டினேனே தவிர மனம் ஒப்பவில்லை. அடுத்த வாரங்களில் கோச் வேறு லேனுக்குப் போகும் நேரம் பார்த்து இன்னும் பத்து, இன்னும் பத்து என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெல்லட் ஒன்பதில் விழுந்தால் பத்தில் முடிக்க வேண்டும் என்று இன்னொன்று. பத்தில் விழுந்தால், அட, கை படிந்துவிட்டதே, இப்போது போய் நிறுத்துவதா என்று இன்னொன்று. துப்பாக்கியைத் தாங்கும் இடது தோள் கெட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் குக்கர் மூடியைத் திருக வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

"வூட்ல சண்டை போடறதுக்கா கத்துக்கினு வர?" என்றார் அவர். எப்போதாவது கிண்டல் தோன்றினால்தான் அவருக்குப் பிறந்த ஊரான ராயபுரத்துப் பேச்சு வரும்.

இந்த நேரத்தில்தான் கிளப்புக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார்கள். நாற்பது பெல்லட். ஐம்பது நிமிடம். அண்ணி என் பெயரைக் கொடுத்தாள், நான் அவள் பெயரைக் கொடுத்தேன்.

அன்றைக்கு மழை வரப்போகிற புழுக்கம். தகரக் கூரையின் கீழே கித்தான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது இட்லிப் பானைக்குள் நிற்பது மாதிரி. அண்ணியும் நானும் பக்கத்துப் பக்கத்து லேன். போட்டி நடக்கும்போது பேசக்கூடாது. போட்டிக்கென்று ஒவ்வொரு லேனிலும் புள்ளியைக் காட்டும் சின்னத் திரை வைத்திருந்தார்கள். ஓரக்கண்ணால் அவள் திரையைப் பார்த்தேன். பத்து, பத்து, ஒன்பது, பத்து. எனக்கு வயிறு கொஞ்சம் எரிந்தது என்பதையும் மறைப்பானேன்.

எனக்கு நாற்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதுவே வினையாயிற்று. பழகிய வேகத்தில் டப் டப் என்று சுட்டுத் தள்ளி, பாதி நேரம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சுமாரான எட்டும் ஒன்பதுமாக ஒரு நீண்ட வரிசை. திரும்பச் சுட முடியாது. துப்பாக்கியை வைத்துவிட்டு நின்றேன்.

அண்ணி முப்பதை முடித்தாள். அப்படியே துப்பாக்கியை இறக்கி வைத்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் கடலைப் பொட்டலத்தைத் தேடுவாள். உடம்பும் அதையே எதிர்பார்த்திருக்க வேண்டும். மறுபடி தூக்கும்போது குழலின் முனை நடுங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது. இறக்கினாள். தூக்கினாள். சுட்டாள். ஏழு. அடுத்தது ஆறு. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். முகமெல்லாம் வியர்வை, அது வியர்வை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். எழுந்து மறுபடி தூக்கினாள். ஒன்று கறுப்பு வட்டத்தையே தொடாமல் வெள்ளையில் போய் விழுந்தது. போய் முதுகைத் தட்டலாம் போல இருந்தது. பேசவே கூடாது என்கிறார்கள், தட்டுவது எங்கே? அவள் விட்டுவிட்டு வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நேரம் முடியும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் நாற்பதாவதைச் சுட்டுவிட்டுத்தான் இறக்கினாள்.

பதினெட்டுப் பேர் சுட்டதில் நான் பதினொன்று, அவள் பதிமூன்று.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் ஸ்கூட்டர் ஓட்டினேன், அண்ணி பின்னால். வண்டலூர் சிக்னலில் நின்றபோது என் காதுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முப்பதோட போட்டியை நிறுத்தியிருந்தா நான்தான் ஃபர்ஸ்டு."

"நூத்தி இருபது வெச்சிருந்தா நான்தான் ஃபர்ஸ்டு," என்றேன்.

இருவரும் சிரித்த சிரிப்பில் பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார்.

அடுத்த ஞாயிறு கோச் ஒரு ஏற்பாடு சொன்னாள். என் டப்பா அண்ணியிடம் இருக்கும், அண்ணியின் டப்பா என்னிடம். அண்ணி வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்ற வேண்டும். நான் ஓட்டைகள் பிரிய ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். யாருக்கு எப்போது போதும் என்பதை மற்றவள் சொல்வாள்.

கேட்க எளிதாக இருந்தது. நடந்ததைச் சொல்கிறேன். நான் அவளுக்கு "இன்னும் அஞ்சு அண்ணி, இன்னும் அஞ்சே அஞ்சு" என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி கெஞ்சுவேன். அவள் என் பக்கம் வந்து, லேபில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற முகத்தோடு டப்பாவை மூடிவிடுவாள். மேல்முறையீடே கிடையாது.

ஒரு நாள் எனக்கு எல்லாம் கூடி வந்தது. வரிசையாகப் பத்து. அட்டையின் நடுவில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஓட்டையாகத் தெரிந்தன. நாற்பத்தைந்தை முடித்துக் கையை நீட்டுகிறேன், அண்ணி டப்பாவை மூடுகிறாள்.

"என்ன பண்ற? இப்பதான் நல்லாப் போவுது!"

"அதான் மூடறேன்."

"இன்னும் பத்து."

"இல்ல."

"உனக்குப் பொறாமை அண்ணி."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. டப்பாவைப் பிடித்து இழுத்தேன். அவளும் விடவில்லை. மூடி கழன்று பெல்லட்டுகள் சிமெண்ட் தரையில் சரசரவென்று ஓடின. ஷெட்டில் எல்லோரும் சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பது வயதுப் பெண்மணிகள் இரண்டு பேர், கித்தான் ஜாக்கெட்டோடு, டப்பாவுக்குச் சண்டை.

கோச் ஒரு துடைப்பத்தையும் முறத்தையும் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள். "கீழ விழுந்தா ஓரம் நசுங்கிடும்க்கா. நேராப் போகாது. பெருக்கிடுங்க." அவ்வளவுதான் சொன்னாள். நான் பெருக்கினேன், அண்ணி முறத்தைப் பிடித்தாள். திரும்பும்போது வண்டலூர் சிக்னலில் பச்சை விழுந்த உடனே வண்டியை எடுத்தேன்.

சாயங்காலம் போன் அடித்தது. "மீன் குழம்பு வெச்சேன். அனுப்பவா, இல்ல நீ வரியா?"

நான் போனேன். பொறாமை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "கொஞ்சம் இருந்துது," என்றாள் அவளாகவே. "ஆனா டப்பாவ அதுக்காக மூடல. கடைசி மூணுக்கு உன் தோள் மேல ஏற ஆரம்பிச்சுது. உனக்குத் தெரியல." எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ரேஞ்சுக்குப் போனால் பெல்லட்டே இல்லை. எங்கள் டப்பாக்களும் காலி, வர வேண்டிய சரக்கு வரவில்லையாம். வந்தவர்கள் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று நாங்கள் நின்றோம்.

"வெறும் துப்பாக்கியிலயே பண்ணுங்க," என்றாள் கோச். "அட்டையும் வேணாம். வெள்ளைச் சுவரைப் பாத்து."

குறி பார்க்க ஒன்றுமில்லாத சுவரைப் பார்த்துச் சுடுவதாவது என்று ஆரம்பித்தேன். சத்தம் இல்லை, ஓட்டை இல்லை, பத்து இல்லை, எட்டு இல்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தேன், டிரிகரை அமுக்கும் ஒவ்வொரு முறையும் குழலின் முனை ஒரு நூல் வலப்பக்கம் தள்ளிப் போகிறது. இத்தனை மாதம் ஆயிரக்கணக்கில் சுட்டிருக்கிறேன். ஓட்டை எங்கே விழுந்தது என்று பார்க்கிற அவசரத்தில் இதைக் கவனித்ததே இல்லை. விரலை மெதுவாக, இன்னும் மெதுவாக அமுக்கிப் பார்த்தேன். முனை அசையாமல் ஒரு தடவை டிக் என்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரிடம் காட்டுவது? சுவரில் ஒன்றுமே இல்லை.

"அண்ணி, இப்ப ஒண்ணு சூப்பரா போச்சு," என்றேன்.

"பாத்தேன்," என்றாள், சுவரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல்.

அடுத்த போட்டியில் அண்ணி ஐந்தாவதாக வந்தாள், நான் ஏழாவது. மெடல் மூன்று பேருக்குத்தான். இப்போது அவள் அறுபது வரை சுடுகிறாள். நான் தூக்கம் கெட்ட வாரத்தில் இருபதில் நிறுத்துகிறேன், நல்ல வாரத்தில் ஐம்பது. போன ஞாயிறு முப்பத்தெட்டில் இடது தோள் மேலே எழும்புவது எனக்கே தெரிந்தது. டப்பாவை நானே மூடிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அண்ணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள், துப்பாக்கியைத் தூக்கி, கன்னத்தை வைத்து, சுடாமல் இறக்கி, மறுபடி தூக்கி. அவளுக்காக வாங்கி வைத்திருந்த வேர்க்கடலையில் பாதியை அதற்குள் நான் தின்று முடித்திருந்தேன்.