பின்கட்டு ரூம்

பாலம் தாண்டி செயின்ட் லூயிக்குள்ள வந்ததுலேருந்தே ஜெய்னபாவுக்கு ஒரே சந்தேகம். புருஷன் உசேனுவுக்கு சொந்த ஊரு கவுலக்குல நிலக்கடலை வியாபாரம். மாசாமாசம் சரக்கோட இந்த ஊருக்கு வருவான்; நானும் வரவான்னு கேட்டா, பஸ்ல இடமில்லைம்பான். அப்பேர்ப்பட்ட ஆளு இப்போ குதிரை வண்டி பிடிச்சு பழைய மாளிகையெல்லாம் காட்டுறான், ஆத்தோரம் பொரிச்ச மீன் வாங்கித் தர்றான், கேக்காமலே புடவைத்துணி மாதிரி நீளமா ஒரு நல்ல துணி எடுத்துக் குடுக்குறான். புருஷன் காரணமில்லாம துணி எடுத்தா என்ன அர்த்தம்னு அவங்க ஊர்ல எந்தப் பொம்பளைக்கும் தெரியும்.

இன்னொரு பொண்டாட்டி வந்தா வந்துட்டுப் போறா, வழக்கம்தானே. ஆனா தன் வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஓலைக் குடிசையா இருந்ததை ஓட்டு வீடாக்க அவ பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். போன மாசம் அவன் பின்கட்டு ரூமுக்கு வெள்ளையடிச்சான். விருந்தாளிக்குன்னான். எந்த விருந்தாளி? கேக்க வாயெடுத்தா, அந்த ஜன்னலைப் பாரு, இந்த பால்கனியைப் பாருன்னு கை நீட்டுறான்.

மத்தியானம் ஊலி அத்தை வீட்டுல சாப்பாடு. உசேனுவோட அப்பா கூடப் பொறந்தவங்க. பெரிய தாம்பாளத்துல மீன் சோறு, நடுவுல களவா மீனு, சுத்தி எல்லாரும் உக்காந்தாங்க. அவங்கவங்க பக்கத்துச் சோத்தைத்தான் தொடணும். மீனைப் பிச்சு ஆளாளுக்கு முன்னாடி தள்ளுறது வீட்டுக்காரி வேலை. அத்தை கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பிச்சது அப்சான்னு ஒரு விதவை, பக்கத்து வீடாம்.

அப்சா சட்டியைச் சுரண்டி காந்தல் சோத்தை எடுத்தா. எல்லார் பங்குலயும் எலுமிச்சை பிழிஞ்சா. உசேனு பங்குல மட்டும் பிழியலை.

"அவருக்கு எலுமிச்சை ஆகாதுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?" ஜெய்னபா சாதாரணமாத்தான் கேட்டா.

அப்சா கை அப்படியே நின்னுடுச்சு. உசேனு ஒரு கேரட் துண்டையே உத்துப் பாத்துக்கிட்டிருந்தான். அத்தைதான் வாயைத் தொறந்தாங்க. மசூதியில இவங்க ரெண்டு பேருக்கும் நிக்காஹ் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு, நல்லபடியா சொல்லத்தான் அவன் உன்னைக் கூட்டிட்டு வந்தான்னாங்க.

"நல்லபடியாவா? ஊரெல்லாம் சுத்தவச்சு, மீனு வாங்கிக் குடுத்து, ஆட்டை அறுக்கறதுக்கு முன்னாடி தழை போடுற மாதிரி. இருக்கட்டும். அந்த ரூம் யாருக்கு?"

உசேனு முனகுனான். பண்டிகை முடிஞ்சதும் அப்சாவைக் கவுலக்குக்குக் கூட்டிட்டு வரலாம்னு நினைச்சானாம், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருப்பீங்களாம்.

"எனக்கு யாரு ஒத்தாசையும் வேணாம். அந்த வாசப்படியை இன்னொருத்தி மிதிச்சா நான் சட்டி பானையோட எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் உங்க கடலையை நீங்களே வறுத்துக்குங்க."

அப்சா மெதுவா, "அக்கா, நானும் வரமாட்டேன்னுதான் சொன்னேன். இந்தக் கடல்காத்தை விட்டுட்டு அந்தப் புழுதியில என்னால இருக்க முடியாது. இவருதான் ஒரே வீடுன்னா செலவு மிச்சம்னு நச்சரிச்சாரு"ன்னா.

ஜெய்னபா அவளை நிமிந்து பாத்தா. பிடிக்கலைதான். ஆனா பொய் சொல்ற மூஞ்சி இல்லை.

"சரி, அவ இங்கயே இருக்கட்டும், நீங்க பஸ்ல அலைங்க"ன்னு ஜெய்னபா சொன்னா. அத்தை தலையாட்டுனாங்க. உசேனு வேற வழியில்லாம ம்னான்.

வீடு தப்பிச்சுது. ஆனா ஜெய்னபா தன் பங்குச் சோத்தை அப்படியே விட்டுட்டா. எந்திரிச்சு கையைக் கழுவுனா. நாளைக்குப் படகுல ஆத்தைச் சுத்திப் பாக்கப் போறதா இருந்தோமேன்னு உசேனு இழுத்தான்.

"அவளைக் கூட்டிட்டுப் போங்க. நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."