தேங்காய் கொண்டு வராதவர்கள்

முனிரத்தினம் நைனா போய்விட்டார் என்று அவர் மகன் போனில் சொன்னபோது திருத்தணி பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அவரிடம் காமாலைக்கு மருந்து குடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் போன வருடம்தான் எழுதக் கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது. அவர் பெயரைப் பிழையில்லாமல் எழுதியதில், இந்தத் துக்கத்திலும் ஒரு சந்தோஷம்.

ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குக் கீழாநெல்லியை மோரில் கலந்து கொடுப்பார். அரைப்பது என் வேலை. காசு வாங்கினால் பலிக்காது என்பது அவர் குடும்ப வழக்கம். குணமானவர்கள் தேங்காய் கொண்டுவந்து வாசலில் உடைப்பார்கள். எங்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஒருநாள் அந்தத் தேங்காயைத் துருவிக்கொண்டே அவர் மனைவி, "இத்தினி பேரு குடிக்கிறாங்க, தேங்கா இவ்ளோதானா? மீதிப் பேரு என்னா ஆனாங்க?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். நைனா சிரிக்கவில்லை. அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுவாரம் என்னையும் அழைத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஏறினார். வராதவர்களின் வீடுகளை வெயிலில் தேடி அலைந்தோம். ஒரு தறிக்காரர், "எப்பவோ சரியாப் போச்சு நைனா, தறிய வுட்டுட்டு எங்க வர்றது?" என்று சிரித்தார். அடுத்த வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. எங்கள் மருந்தை நம்பி, படத்திலிருந்தவர் தாமதமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்ததாம். அவர் மனைவி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

திரும்பியதும் நைனா ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டார். பல காமாலைகள் தாமாகவே இறங்கிவிடும், கீழாநெல்லியால்தான் இறங்கியது என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை, எதனால் வந்தது என்று முதலில் பார்க்கவேண்டும் என்றார் அவர்.

வெளியே வந்து நைனா என்னிடம் சொன்னது இதுதான்: "பொழச்சவன் தேங்காயோட வந்து சொல்றான். செத்தவன் எப்டிப்பா வந்து சொல்லுவான்?"

அதன்பிறகு அவர் மருந்து கொடுக்கவில்லை. வந்தவர்களை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். நடக்க முடியாதவர்களோடு தானே போனார். கைராசி போய்விட்டது என்று ஊர் பேசியது. கூட்டம் குறைந்தது. சும்மா கிடந்த அம்மியைப் பார்த்து நான்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று, அவர் மருந்தால் பிழைத்தோம் என்று பலர் சொல்லி அழுதார்கள். கூட்டத்தின் கடைசியில் அந்த ஆர்.கே.பேட்டை அம்மா, மாலை போட்ட படத்திலிருந்தவரின் மனைவி, வெறுங்கையோடு நின்றிருந்தார். "மருந்து குடுக்கறவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. என்னா ஆச்சுன்னு வந்து கேட்டவரு இவரு ஒருத்தருதாங்க" என்றார்.

அவர் வீட்டிலிருந்து நினைவுக்கென்று நான் எதுவும் எடுத்துவரவில்லை. ஏதாவது ஒரு பச்சிலையால் குணமானது என்று யாராவது சொன்னால், குணமாகாதவர்கள் வீட்டுக்கும் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். அந்தக் கேள்வி அவருடையது.