தையல்காரர் எச்சில் கொடுத்த கதை

தையல்காரருக்கு டேப் என்பது கழுத்தில் தொங்குவதற்குத்தான். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் பதினாறு, கை இருபத்துமூன்று என்று நோட்டில் எழுதிவிடுவார். நாற்பது வருடத்தில் ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை என்பார். அவருடைய அக்காவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

இருவருக்கும் மூத்த அண்ணன் இறந்து ஒரு வருடம் ஆனபோது, வெளியூரிலிருந்து ஒரு பெண் கடைப்படி ஏறினாள். "உங்க அண்ணன்தான் என் அப்பா. எந்தக் காகிதத்துலயும் அவர் பேர் இல்ல. நீங்களாவது நம்புவீங்களான்னு பாக்க வந்தேன்."

தையல்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இடது தோள் அரை அங்குலம் இறக்கம். அண்ணனுக்கும் அப்படியேதான். "சித்தப்பான்னு கூப்பிடும்மா" என்றார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

அக்காதான் விவரமாகப் பேசினார். "காகிதத்துல பேர் ஏறணும்னா டி.என்.ஏ. பாக்கணும். அண்ணன் இல்லாட்டி என்ன, கூடப் பொறந்தவங்க எச்சில் போதுமாம். எனக்கு முட்டி வலி. நீ போய்க் கொடுத்துட்டு வா."

கடையைப் பூட்டிவிட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு போய் வாயைத் திறந்தார். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்த நர்ஸிடம், "எதுக்கும்மா இவ்வளவு பாடு? என் கண்ணே போதுமே" என்று இலவச ஆலோசனையும் வழங்கினார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. இருவருக்கும் உறவில்லை.

அந்தப் பெண் அழக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு, "தொந்தரவு கொடுத்துட்டேன் சார்" என்றாள். 'சித்தப்பா' போய் 'சார்' வந்ததும் தையல்காரர் வாசலை மறித்தார். "குச்சிதான் தப்பு! என் கண்ணு தப்பாது! நீ எங்கயும் போகாதே!" என்று கத்தினார். அக்காவோ மறுநாள் முட்டி வலியோடு வண்டி பிடித்துப் போய்த் தானே எச்சில் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த முறை அத்தையும் மருமகளும் என்று பளிச்சென்று வந்தது. பெண் அத்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "பாத்தீங்களா, நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று தையல்காரர் குதித்தார். குதித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் யாருக்கா?"

"மூணு நாள் குழந்தையா அம்மா உன்னைத் தூக்கிட்டு வந்தாங்க. எனக்கு அப்போ ஏழு வயசு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

தையல்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எல்லாம் தெரிஞ்சும் என்னை எதுக்கு அங்க அனுப்பினே?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தியமா எனக்கே மறந்து போச்சுடா."