பூங்காவில் பெண் பார்த்தார்கள்

அக்காவை முதன்முறை பெண் பார்க்க வந்தபோது டிசம்பர் பூ பூத்திருந்தது. மாமல்லபுரம் போகும் சாலையோரப் பூங்காவில் நடைபாதை நெடுக ஊதா நிறம். வீட்டுக்கு வரவழைத்து, சம்பந்தம் கூடாமல் போனால் தெருவே துக்கம் விசாரிக்க வந்துவிடும் என்று பூங்காவைத் தேர்ந்தெடுத்தது அம்மா. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று அக்கா சாதாரணச் சேலையில் வந்தாள். அப்பா மட்டும் பிடிவாதமாகப் பட்டுக்கரை வேட்டி. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகும்போது, அப்படி வந்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை நானும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறேன்.

அக்கா அப்போது சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. "யோசிச்சு சொல்றோம்" என்று போனார்கள் வந்தவர்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

சித்திரையில் அடுத்த இடம் வந்தது. சரக்கொன்றை இலையே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கிய நேரம். மாப்பிள்ளை அதன் கீழ் நின்று தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டார். அவருடைய அப்பா, "நைட்டு ஷிப்ட்டுலாம் கீதா உனுக்கு?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள் அக்கா. அத்தோடு சரி. வந்தவர்களைவிட அந்த மரத்தைத்தான் நான் நன்றாகப் பார்த்தேன். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்காவைத் திருவிடந்தைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கல்யாணம் கூடிவர அங்கே வேண்டிக்கொண்டு கொண்டுவந்த மாலை எங்கள் சாமிப் படத்தின் மேல் காய்ந்து தொங்கியது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

மூன்றாவது இடம், மழை விட்டிருந்த ஒரு கார்த்திகை மாலையில். மரமல்லி உதிர்ந்து சிமெண்டு பெஞ்சு வெள்ளையாகக் கிடந்தது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் பூவைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பேச்சு நல்லபடியாகவே போனது. அக்காவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று அவள் சிரித்ததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் அந்த அம்மா, "வேலைய வுட்டுட்டா தையிலயே கல்யாணத்த வச்சிக்கலாம். எங்க வூட்ல இன்னா கொறச்சல்?" என்றார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா அக்காவின் கையை அழுத்தினாள். அக்கா களைத்துப் போயிருந்தாள். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அப்பா எழுந்து வேட்டியை உதறினார்.

"எம் பொண்ணு வேலைக்குப் போவும்மா. நாங்க கெளம்புறோம்."

நாங்கள் நால்வரும் வாசலை நோக்கி நடந்தோம். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பாதி வழியில் அப்பா நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எத்தினி வாட்டி வந்துகினு கீறோம், இப்பதான் கண்ணுல படுது. இன்னா பூம்மா இது, இம்மாம் வாசன?"

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே பெயரைச் சொன்னாள்.