மணி அடிப்பதற்குள் ஒரு பாலம்

என் மருமகள் எம்.எல்.ஏ. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இன்னும் ஒரு குதி குதிக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். "அப்பாயி, நீங்க பேசுறதை அப்படியே போட்டா யாரும் படிக்க மாட்டாங்க" என்று அங்கங்கே அவளாகவே திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும்.

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த புதிதில் மருமகள் வாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கமாட்டாள். மகளிர் குழுவுக்குப் போகச் சொன்னதே நான்தான். குழுவுக்குத் தலைவியானாள், பிறகு கவுன்சிலரானாள், பிறகு கட்சியிலேயே கூப்பிட்டு எம்.எல்.ஏ. சீட்டுக் கொடுத்தார்கள். என் மகனுக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறை. அன்றைக்குக் கையில் இருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் பொண்டாட்டி ஜெயிச்சிட்டா நீ என்னடா ஆவே?" என்றேன்.

"எம்.எல்.ஏ. புருஷன்னு சொன்னா பேங்க்குல லோன் குடுப்பானாம்மா?" என்றான்.

ஜெயித்த பிறகுதான் அது என்ன மாதிரி வேலை என்று எனக்குப் புரிந்தது. விடிவதற்குள் வாசலில் ஆள் நிற்கும். காதுகுத்து, கல்யாணம், சாவு என்று ஒன்று விடாமல் போக வேண்டும். போகிற இடமெல்லாம் பொன்னாடை போர்த்துவார்கள். பீரோ நிறைந்து வழிந்ததும் நான் அதில் தலையணை உறை தைத்துப் பார்த்தேன். ஜரிகை கன்னத்தைக் கீறியதுதான் மிச்சம். ஒருநாள் ஒரு பெரியவர் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"மனு குடுக்கணுங்களாய்யா?" என்று மருமகள் கேட்டாள்.

"மனு இல்லம்மா. மாப்ள கோவிச்சுக்கிட்டு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வரமாட்டேங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வந்துருவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அங்கேயே போனை வாங்கி, "எம்.எல்.ஏ.வா பேசலை தம்பி, உங்க அக்கா மாதிரி நெனச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். மறுநாளே மாப்பிள்ளை வந்துவிட்டாராம்.

இதெல்லாம் அவளுக்குச் சுலபமாக வந்தது. அவளை உறங்கவிடாமல் செய்தது ஒரு வாய்க்கால்தான். லால்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் அந்த வாய்க்கால் ஓடும். குறுக்கே இரண்டு பனைமரத் துண்டுகள் கிடந்தன. ஆற்றிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் அதுவும் முங்கிப்போகும், பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை. ஓட்டுக் கேட்டுப் போனபோது நானும் கூட இருந்தேன். ஆரத்தித் தட்டோடு நின்ற ஒருத்தி, "எல்லாரும் வந்து வாய்க்காலைப் பாத்துட்டுத்தான் போறாங்க. நீங்களும் பாத்துட்டுப் போங்க" என்றாள்.

மருமகளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனாள். "பாலம் வரலைன்னா இந்த ஊருக்குள்ள இனிமே ஓட்டுக் கேட்டு வரமாட்டேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். கூட வந்த கட்சிக்காரர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஜெயித்து வந்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். எங்கேயும் நகரவில்லை. "சட்டசபையில கேட்டு, மந்திரி வாயால ஒரு வார்த்தை வந்தாத்தான் நடக்கும் அத்தை" என்றாள். அவள் பேசுவதற்கு ஒரு நாள் கிடைத்தது. எனக்கும் பாஸ் வாங்கிச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசலில் சோதனை போட்ட போலீஸ்காரப் பெண், "உள்ள பேசக்கூடாது பாட்டி, கை தட்டக்கூடாது, தூங்கவும் கூடாது" என்றாள்.

"தூங்குறதுக்கு எங்க வீட்லயே எடம் இருக்கு தாயி" என்றேன்.

மேலே மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். டி.வி.யில் மட்டுமே பார்த்த முகங்கள் எல்லாம் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒருவர் தண்ணீர் குடிக்கிறார், ஒருவர் காதைக் குடைகிறார். அத்தனை பேருக்கு நடுவில், காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். எழுந்திருக்கிற ஒவ்வொருவரும் முதலில் தங்கள் தலைவரைப் புகழ்வார்கள். எங்கள் கோயிலில் பெருமாளுக்குக் கட்டியம் சொல்வதுபோல அடுக்கடுக்காக வரும். எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. மருமகளும் எழுந்து அப்படியே புகழ்ந்தாள். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்தது, ஒரு சொல் தடுக்கவில்லை. "எனது தொகுதியிலே" என்று ஆரம்பித்தாள். நேரம் முடிந்தது என்று சபாநாயகர் மணியை அடித்துவிட்டார். மைக்கும் நின்றுபோயிற்று. அவள் வாய் மட்டும் அசைந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பும் ரயில் விழுப்புரம் தாண்டியிருந்தது.

"புகழாம பேசுனா என்ன கண்ணு?" என்றேன்.

"கட்சியில தப்பா நெனப்பாங்க அத்தை. அடுத்த தடவை சீட்டே இருக்காது."

"கட்டியம் சொல்றவரு பொழுது சாயுற வரைக்கும் அதையே சொல்லிட்டு நின்னா பெருமாள் எப்ப சாப்பிடுறது?"

எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் சிரித்தாள்.

அதன்பிறகு எங்கள் சமையலறைதான் சட்டசபை. குக்கரில் பருப்பை ஏற்றுவோம். முதல் விசிலுக்குள் வணக்கமும் நன்றியும் முடிந்து வாய்க்கால் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நான் கரண்டியால் தட்டுவேன். "உறுப்பினர் உட்காரவும்" என்று பேத்தி சொல்வாள். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் குழைந்த பருப்புதான்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி அவள் முறை வந்தது. நானும் போயிருந்தேன். அவள் எழுந்து கும்பிட்டாள்.

"என் தலைவருக்கு என் தொகுதிப் பிள்ளைகள் சார்பாக நன்றி சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் இந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் போகிறது" என்றாள்.

காதைக் குடைந்தவர்கூடக் கையை எடுத்துவிட்டார். பனைமரத்தைச் சொன்னாள், தண்ணீர் மார்புக்கு ஏறுவதைச் சொன்னாள், பாலம் கேட்டாள். மணி அடிப்பதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். மந்திரி எழுந்து, இந்த வருஷமே அந்தப் பாலம் எடுத்துக்கொள்ளப்படும் என்றார். கை தட்டக்கூடாதே என்று என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வெளியில் அவள் கட்சிப் பெரியவர் ஒருவர் வழிமறித்தார். "என்னம்மா, தலைவரை ஒரே வரியில முடிச்சிட்டே?"

"மனசுல நெறைய இருக்குண்ணே. மணி அடிச்சிருவாங்களேன்னுதான்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த சீட்டைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. அவள் அதைக் கேட்பதும் இல்லை.

பாலம் எழுந்தது. திறப்பு விழா அன்று ரிப்பன் கட்டி, வாழைமரம் நட்டு, நாதஸ்வரக்காரர்களை உட்காரவைத்து எல்லாரும் காத்திருந்தோம். மந்திரி வந்தபாடில்லை. பிள்ளைகள் புத்தகப் பையோடு இந்தக் கரையில் நின்று நெளிந்தார்கள். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஒரு வாண்டு ரிப்பனுக்கு அடியில் குனிந்து நுழைந்தது. ஒரு அதிகாரி ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தார்.

"விடுங்க சார், ஸ்கூலுக்கு நேரமாச்சுல்ல" என்றாள் மருமகள்.

அவ்வளவுதான், மொத்தப் பிள்ளைகளும் குனிந்து நுழைந்து ஓடின. எது மேல் ஓடுகிறோம் என்று ஒன்றுகூடக் கீழே பார்க்கவில்லை. மந்திரி வந்து ரிப்பனை வெட்டும்போது அதுகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தன.